பிள்ளை அங்கே, நாம் இங்கே: தத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. முதல் கோடு 66 சென்டிமீட்டரில். அதைப் போட்ட அன்று அந்த உயரத்துப் பிள்ளை சிங்கப்பூரிலேயே இல்லை. பெங்களூரில் ஒரு வளர்ப்புத் தாயின் வீட்டில் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒருமுறை அறிக்கை வரும். அதில் இருக்கும் எண்ணை என் கணவர் அளவு நாடாவில் பார்த்துக் கோடு போடுவார். அவள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது கோடு 76-க்கு ஏறியிருந்தது.

தத்தெடுப்பது எப்படி என்று கேட்டால் யாரும் படிவங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். படிவம் அதன் வேகத்தில்தான் போகும், தினமும் மின்னஞ்சல் போட்டாலும் ஒரு நாள் முன்னால் வராது. ஆனால் அதே மாதங்களில் பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது, அதற்கு ஒரு வீடு இருக்கிறது, அம்மா என்று அது நினைக்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் நாம் தெரிந்துகொள்வதுதான் காத்திருப்பில் நம் கையில் இருக்கும் ஒரே வேலை. இது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. உங்களுக்கு அந்தத் தாமதம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

தமிழில் ‘வளர்ப்புப் பிள்ளை’ என்றால் தத்துப்பிள்ளையும் ஆகும், யாரோ சில காலம் வளர்த்துத் தரும் பிள்ளையும் ஆகும். இந்தக் குழப்பம் சொல்லோடு நின்றால் பரவாயில்லை. “முதலில் வளர்ப்புப் பெற்றோராகச் சேருவோம், பிறகு அப்படியே தத்து எடுத்துக்கலாம்” என்று கணக்குப் போடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் 1956-லிருந்து நடக்கிறது. சொந்த வீட்டில் பாதுகாப்பாக இருக்க முடியாத பிள்ளைகளை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. முடிந்தவரை பிள்ளையைப் பெற்றவர்களிடம் திரும்பச் சேர்ப்பதுதான் நோக்கம். அது தத்துக்கான குறுக்குவழி அல்ல.

நான் இங்கே பேசுவது வேறொன்று. வெளிநாட்டில் தத்துக்கென்று சட்டப்படி விடுவிக்கப்பட்ட ஒரு குழந்தை, தாள்கள் நகரும்வரை அந்த ஊரிலேயே ஒரு குடும்பத்தில் வளர்வது. இந்தியாவில் தத்துக்குக் காத்திருக்கும் குழந்தைகளில் அதிகம் பேர் தத்தெடுப்பு இல்லங்களில்தான் இருக்கிறார்கள். சில இல்லங்கள் மட்டும் கைக்குழந்தைகளை நம்பகமான வளர்ப்புத் தாய்மாரிடம் விடுகின்றன. எங்கள் மகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. உங்கள் பிள்ளை இல்லத்தில் இருந்தால், கீழே ‘வளர்ப்புத் தாய்’ என்று வரும் இடத்திலெல்லாம் அவளை அதிகம் தூக்கும் ஆயா என்று வாசித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் எங்கேயும் இருப்பார்.

தாள் எந்த வரிசையில் நகர்கிறது

இதை நீட்டப்போவதில்லை. வரிசை தெரிந்தால் போதும், பாதிப் பதற்றம் குறையும்.

சிங்கப்பூரின் 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பி யாராவது ஆலோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். தம்பதியரில் ஒருவராவது குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது இருவரும் நிரந்தரவாசிகளாக இருக்க வேண்டும். குறைந்தது 25 வயது, பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருப்பது பொதுவான நிபந்தனை. முதலில் தத்தெடுப்புக்கு முந்தைய விளக்கக் கூட்டம். பிறகு அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்று செய்யும் தகுதி மதிப்பீடு: வீட்டுக்கு வருவார்கள், வருமானம், உடல்நலம், உங்கள் சண்டைகள் வரை கேட்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளை என்றால் இந்த மதிப்பீடு சாதகமாக முடிந்த பிறகே அடுத்த அடி.

இந்தியாவிலிருந்து என்றால் எல்லாம் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், அதாவது காரா வழியாக, கேரிங்ஸ் இணையவாயிலில். பிள்ளையின் விவர அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் காட்டப்படும். நீங்கள் கையெழுத்திட்டு ஏற்பீர்கள். சிங்கப்பூர்த் தரப்புக் கடிதங்களும் கோப்பில் சேர்ந்த பிறகு காரா தடையில்லாச் சான்றிதழ் தரும். அதன் பிறகு மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை. 2022 செப்டம்பர் வரை நீதிமன்றம் தந்த ஆணை இது, இப்போது ஆட்சியர் தருகிறார். மனு போட்டு இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு பிள்ளைக்குக் கடவுச்சீட்டு, இங்கே குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் அனுமதி, பயணம். இந்திய ஆணைக்குப் பிறகு இங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் அமைப்பிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003-லிருந்து இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. அதனால் அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா தத்தெடுத்த வரிசை நமக்கு அப்படியே பொருந்தாது. நான் அக்கா சொன்னதைக் கேட்டு ஒரு சான்றிதழுக்காக மூன்று வாரம் அலைந்தேன். அது நமக்குத் தேவையே இல்லை என்று இங்குள்ள சமூக ஊழியர் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மாத அறிக்கை ஒரு பக்கம்தான் இருக்கும். எடை, நீளம், தலைச் சுற்றளவு, தடுப்பூசி, “உற்சாகமாக இருக்கிறாள்” என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நாற்பது தடவை படிப்பீர்கள். அதைவிட எண்களைப் படிப்பது நல்லது.

உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தை ஆண், பெண் தனித்தனியாக இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு மாத எண்ணையும் புள்ளி வையுங்கள். பிள்ளை நடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. தன் கோட்டிலேயே தொடர்ந்து போகிறாளா என்பதுதான் கேள்வி. கோடு சட்டென்று இரண்டு படி இறங்கினால் கேளுங்கள். தலைச் சுற்றளவை யாரும் பொருட்படுத்துவதில்லை, மருத்துவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் இரண்டு வயதுவரை பிறந்த தேதியை விட்டு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள். நடப்பதற்கும் ஒரு தேதி கிடையாது. நலமான குழந்தைகளே 8 மாதம் முடிந்ததிலிருந்து 17, 18 மாதம் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் தனியாக நடக்கத் தொடங்குகிறார்கள்.

ஒரு மாதம் எங்களுக்கு வந்த அறிக்கையில் எடை 6.9 கிலோ என்று இருந்தது. அதற்கு முந்தைய மாதம் 8.5. எங்கள் மகள் உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தவள். உதட்டை அங்கேயே தைத்துவிட்டார்கள், மேலண்ணம் அப்படியே இருந்தது. பால் மூக்கு வழியாக வரும், சாப்பாட்டுக்குப் போராட்டம் என்று தெரியும். ஒன்றரை கிலோ இறங்கிவிட்டதென்றால் என்ன அர்த்தம்? அன்று இரவு இருவரும் தூங்கவில்லை. காலையில் நான் எழுதிய மின்னஞ்சலை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பதில்: 8.9-ஐ 6.9 என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். எடை போடும்போது தராசின் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அறிக்கையோடு அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டோம். அனுப்பினார்கள். படத்தில் எண்ணும் தெரியும், தொடையில் விழும் மடிப்பும் தெரியும். எண்ணைவிட அந்த மடிப்புதான் எங்களைத் தூங்கவைத்தது.

தடுப்பூசி அட்டையின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வாங்குங்கள். 12 வயதுக்குட்பட்ட வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு நீண்டகால அனுமதி கேட்கும்போது தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் தடுப்பூசி போட்ட சான்று இங்கே கேட்கப்படும். இந்தியாவின் பொதுத் திட்டத்தில் போடுவது தட்டம்மை, ரூபெல்லா ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கானது அதில் இல்லை, இங்கே போடும் மூன்றுசேர் ஊசியில் இருக்கிறது. அட்டை கையில் இருந்தால் இங்குள்ள மருத்துவர் எது விட்டுப்போனது என்று பார்த்துச் சொல்லிவிடுவார். அட்டை தொலைந்தால் பிள்ளைக்குத்தான் கூடுதல் ஊசி.

வளர்ப்புத் தாயிடம் என்ன கேட்பது

நேரடியாகப் பேச அனுமதி உண்டா என்று முதலில் அங்குள்ள அமைப்பிடம் கேளுங்கள். சிலர் காணொளி அழைப்புக்கு ஒத்துக்கொள்வார்கள், சிலர் கேள்விகளை எழுதிக் கொடுத்தால் பதில் வாங்கித் தருவார்கள். அமைப்பைத் தாண்டி அவர் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடிக்காதீர்கள். அது அவருடைய வேலைக்கே உலை வைக்கும்.

எங்கள் முதல் அழைப்பு வீணாய்ப் போனது. “நல்லா இருக்காளா?” என்று கேட்டேன். “நல்லா இருக்கா மேடம்” என்றார். “நல்லா சாப்பிடறாளா?” “சாப்பிடறா மேடம்.” பத்து நிமிடம் இப்படியே போய், கடைசியில் நான் அழுதுவிட்டேன். அவர் என்ன செய்வார் பாவம்.

இரண்டாவது அழைப்பில், எங்கள் சமூக ஊழியர் சொல்லிக்கொடுத்தபடி, வேறு மாதிரி கேட்டேன். “அக்கா, காலையில அவ கண்ணு முழிச்சதிலிருந்து என்ன என்ன நடக்கும், ஒண்ணொண்ணா சொல்லுங்க.” அவ்வளவுதான், அவர் இருபது நிமிடம் நிறுத்தவே இல்லை. பெங்களூர்த் தமிழ், நடுநடுவே கன்னடம். ஐந்தரைக்கு எழுந்துவிடுவாளாம். எழுந்ததும் தூக்கக் கூடாது, தானாகக் கொஞ்ச நேரம் விரலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாளாம். பாலாடையில்தான் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) பால், புட்டியில் உறிஞ்ச முடியாது. “நிமிர்த்தி உக்கார வெச்சுத்தான் குடுக்கணும் மேடம், சாஞ்சா மூக்குல வந்துரும். மூக்குல வந்தா பயப்படாதீங்க, குனிய வெச்சுத் தொடச்சிட்டு மறுபடி குடுங்க.” ராகிக் கூழ் பதினொரு மணிக்கு. குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் அலறுவாள், பின்பக்கமாகக் கையில் அள்ளி விட வேண்டும். தூங்குவதற்கு முன்பு அவர் புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொள்வாள். சுற்றி முடித்தால் தூக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மருத்துவ அறிக்கை பதினான்கு பக்கம் வைத்திருந்தோம். அதில் இந்தப் புடவைத் தலைப்பு எங்கேயும் இல்லை.

ஆக, கேட்க வேண்டியவை எல்லாம் நாளின் ஓட்டத்தில் இருக்கின்றன. எதில் படுப்பாள்: தொட்டிலா, தூளியா, பாயா, பக்கத்திலா? விளக்கு எரியுமா? எப்படி அழுதால் பசி, எப்படி அழுதால் தூக்கம்? யார் வந்தால் ஒளிந்துகொள்வாள்? என்ன பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பாள்? கோப்பில் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் இன்னொன்று இருக்கும். சோப்பு என்ன, எண்ணெய் என்ன, துணி துவைக்கும் தூள் என்ன என்றுகூடக் கேளுங்கள். வாசனைக்காகத்தான்.

மொழியையும் எழுதிவையுங்கள். எங்கள் மகளின் காதில் விழுந்தது கன்னடம். ‘ஹாலு’ என்றால் பால், ‘பேடா’ என்றால் வேண்டாம், ‘பா’ என்றால் வா. தமிழர்களுக்கு இது பெரிய பாரமில்லை, இருபது சொல் கற்றுக்கொண்டால் போதும். ஆனால் கற்றுக்கொள்ளாமல் வந்திருந்தால், அவள் “பேடா, பேடா” என்று கத்தியபோது இனிப்புக் கேட்கிறாள் என்று நினைத்திருப்போம். என் நாத்தனார் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்து ஆனந்த பவன் வரை போய்வந்தார்.

கூப்பிடும் நேரத்திலும் கவனம் வேண்டும். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. நாம் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாக ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழு மணி, பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்கும் நேரம். சனிக்கிழமை பகலில் கூப்பிடுங்கள்.

எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது

இரண்டு பொருள் உபயோகமாக இருந்தன. ஒன்று, நெகிழியுறை போட்ட சின்னப் படப் புத்தகம். ஆறே படம்: நான், என் கணவர், நாங்கள் இருவரும், பாட்டி, அவள் படுக்கப்போகும் அறை, நாங்கள் குடியிருக்கும் வீவக அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் பூனை. அக்கா (வளர்ப்புத் தாயை இப்படித்தான் கூப்பிடுவேன்) தினமும் காட்டி “அம்மா, அப்பா, பெக்கு” என்று சொல்லிக்கொடுத்தார். பூனையைத்தான் அவள் முதலில் கற்றுக்கொண்டாள். இரண்டாவது, குரல் பதிவு. நான் பாடும் தாலாட்டு, என் கணவர் நாளிதழ் வாசிப்பது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையில் தெரியும் முகம் பெரிதாகப் பிடிபடாது, குரல் காதில் தங்கும்.

நான் நான்கு நாள் கட்டிக்கொண்டு படுத்த ஒரு பருத்தித் துண்டையும் அனுப்பினேன். அவள் அதைச் சீண்டவே இல்லை என்று கேள்வி. எல்லாம் பலிக்காது.

பணம் மட்டும் அனுப்பாதீர்கள். மனது இளகும், அந்த அம்மாவின் வீட்டுச் சுவர் காரை பெயர்ந்திருப்பது அழைப்பில் தெரியும், ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். சிங்கப்பூரின் புதிய சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட செலவுகளைத் தவிரத் தத்து தொடர்பாகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். இந்தியாவின் சிறார் நீதிச் சட்டமும் பணத்துக்குப் பிள்ளை கைமாறுவதைக் கடுமையாகப் பார்க்கிறது. உங்கள் நல்லெண்ணம் கோப்பில் வேறு மாதிரிப் பதிவாகிவிடும். அமைப்புக்கு உரிய கட்டணத்தை ரசீதோடு கட்டுங்கள், மற்றதை எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படம் போடாதீர்கள், உறவினருக்கும் சொல்லிவையுங்கள்

பிள்ளையின் படம் வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று கை பரபரக்கும். தத்து ஆணை வரும்வரை அவள் சட்டப்படி உங்கள் பிள்ளை இல்லை, இந்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளை. சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இத்தகைய பிள்ளையின் அடையாளம் தெரிய வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என் மாமியாருக்கு மட்டும் அச்சடித்த படம் ஒன்று கொடுத்தோம். அவர் அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார், எந்தத் தொலைபேசிக்கும் போகவில்லை.

பிறப்புக் கதையையும் அதே மாதிரிப் பூட்டிவையுங்கள். “பெத்தவங்க யாரு, ஏன் விட்டாங்க?” என்று தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதுகூடக் கேட்பார்கள். “அது அவளோட கதை, அவ பெரியவளானதும் அவளே சொல்லுவா” என்று ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொண்டேன். இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை கேட்க மாட்டார்கள். அவளிடம் மட்டும் மறைக்கக் கூடாது. அதற்கென்றே இங்கே ஒரு விளக்கக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், தூங்காமல் கேளுங்கள்.

நட்சத்திரம் என்ன, ராசி என்ன என்ற கேள்வியும் வரும். பிறந்த நேரம் தெரியாது, சில பிள்ளைகளுக்குத் தேதியே மருத்துவர் கணித்ததுதான். என் மாமியார் இதற்கு அழகான வழி கண்டுபிடித்தார்: தடையில்லாச் சான்றிதழ் வந்த நாளின் நட்சத்திரத்தை வைத்து அர்ச்சனை செய்தார். பூசாரிக்கு அந்தச் சங்கதி தெரியாது.

விடுப்பைக் கணக்குப் பார்த்துவையுங்கள்

தாய்க்கு 12 வாரத் தத்தெடுப்பு விடுப்பு உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். கூடவே சொல்லாமல் விடுவது: தத்தெடுக்கும் முறையான எண்ணத்தைத் தெரிவித்த நாளில் பிள்ளைக்கு 12 மாதம் நிறைந்திருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்த நாள் பெரும்பாலும் இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையோடு சம்பந்தப்பட்டது. இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் அதற்குள் முதல் பிறந்தநாளைத் தாண்டிவிடுகிறார்கள். எங்கள் மகளும் தாண்டிவிட்டாள். நான் சம்பளமில்லா விடுப்பு நான்கு மாதம் எடுத்தேன். அதற்காக ஒரு வருடம் முன்பே மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கிவைத்தோம். நீங்களும் இதையே எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள், சட்ட விடுப்பு கிடைத்தால் லாபம்.

மருத்துவர் சந்திப்பையும் முன்கூட்டியே பதியுங்கள். அண்ணப் பிளவுச் சிகிச்சையைப் பேச்சு வருவதற்கு முன், பொதுவாக ஒன்றரை வயதுக்குள் செய்யப் பார்ப்பார்கள். அங்கேயே முடிப்பதா, இங்கே வந்து முடிப்பதா என்று இரு பக்க மருத்துவர்களையும் பேசவைத்தோம். பிரிவும் அறுவை சிகிச்சையும் ஒரே மாதத்தில் வேண்டாம் என்று இங்குள்ளவர் சொன்னது சரியாகப் பட்டது. அண்ணப் பிளவு இருந்தால் காதில் நீர் தேங்கும், அதனால் செவிச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

ஒப்படைப்பு வாரம்

தடையில்லாச் சான்றிதழ் வந்த பிறகு, ஆணை வரும்வரை, இந்தியாவுக்குள்ளேயே பிள்ளையை உங்களிடம் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதற்கு உறுதிமொழி எழுதித் தர வேண்டும். சட்டம் இதையும் ‘தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு’ என்றே சொல்கிறது, குழம்பாதீர்கள். முடிந்தவர்கள் இதைப் பயன்படுத்துங்கள். விடுதி அறை எடுக்காமல் சமையல் வசதியுள்ள வீடாக எடுங்கள். வளர்ப்புத் தாயின் வீட்டுக்கு நடந்தோ ஆட்டோவிலோ போகும் தூரத்தில் இருந்தால் நல்லது.

அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதலாம். ஆறேழு மாதத்துக்கு மேல் ஆன குழந்தைக்குத் தெரிந்த முகமும் தெரியாத முகமும் வேறு வேறு என்று நன்றாகத் தெரியும். ஒன்பது மாதம் காத்திருந்தவர் நாம்தான், அவள் நமக்காகக் காத்திருக்கவில்லை.

முதல் நாள் அக்கா வீட்டில் தரையில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். அவள் அவர் மடியிலிருந்து எங்களைப் பார்த்தாள். இரண்டாம் நாள் அக்கா ஊட்டினார், நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பாலாடை என் கையில், பிள்ளை அவர் மடியில். நிமிர்த்திப் பிடிக்கும் கோணத்தை என் மணிக்கட்டைப் பிடித்து அவர் திருத்தினார். அன்று பால் மூக்கில் வந்தது. நான் பதறினேன். அவர் பதறவில்லை, அவளும் பதறவில்லை. நான்காம் நாள் என் மடியில் அவள், அக்கா பக்கத்தில். ஐந்தாம் நாள் அக்கா சமையலறைக்குள் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தார். ஏழாம் நாள் நாங்கள் எடுத்த வீட்டுக்கு அவரே அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, என் கையில் கொடுத்து, “அம்மாகிட்ட ஹோகு” என்றார். அவளுக்குத் தெரியாமல் நழுவிப்போகவில்லை. கையசைத்துவிட்டுத்தான் போனார். நழுவிப்போனால் அடுத்த ஒரு வருடம் நீங்கள் குளியலறைக்குப் போனாலும் அவள் அலறுவாள் என்று சமூக ஊழியர் முன்பே சொல்லியிருந்தார்.

கீழே வாசலில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை என் கணவர் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார். உறவினர்கள் என்னை யசோதை என்பார்கள். வளர்த்து, பிறகு அனுப்பிவைத்தவள்தானே யசோதை? அவர் பெங்களூரில் இருக்கிறார்.

கிளம்பும்போது கேட்டு வாங்க வேண்டியவை: அவள் போட்டுப் பழகிய துணி நான்கு, துவைக்காமல். அந்தப் பாலாடை. அவள் படுத்துப் பழகிய துண்டு. கொடுத்தால் ஒரு பழைய புடவை. நாங்கள் புதுப்புடவை ஒன்று எடுத்துப்போயிருந்தோம், அமைப்பிடம் முன்பே சொல்லி அவர்கள் முன்னிலையில் கொடுத்துவிட்டு, அவர் உடுத்திப் பழகிய நீலப் பூப்போட்ட நைலக்ஸை வாங்கிக்கொண்டோம். அவரும் அவளும் சேர்ந்திருக்கும் படங்களை நிறைய எடுங்கள். பிற்காலத்தில் அவள் கேட்கப்போவது அதைத்தான்.

சிங்கப்பூரில் முதல் வாரங்கள்

விமானம் நாலரை மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஏதாவது விழுங்கக் கொடுங்கள், காது அடைக்கும். சாங்கியில் பத்துப் பேர் பலூனோடு நிற்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் இது பெரிய மனத்தாங்கல் ஆனது. என் பெரிய நாத்தனார் இரண்டு வாரம் பேசவில்லை. பரவாயில்லை, பிறகு பேசினார்.

முதல் ஆறு வாரம் தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மா, அப்பா இருவர் மட்டுமே. பாட்டி பாத்திரம் தேய்க்கலாம், துணி மடிக்கலாம், பிள்ளையோடு தரையில் விளையாடலாம். கையில் எடுக்கக் கூடாது. கொடூரமாகத் தோன்றும். ஆனால் யாரிடம் போனாலும் சிரிக்கிற பிள்ளையைப் பார்த்து “எவ்வளவு சமத்து” என்று மெச்சாதீர்கள், யார் தன் ஆள் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். எங்கள் மகள் பதினெட்டாம் நாள் மின்தூக்கியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியைப் பார்த்து அழுதுகொண்டே என் கழுத்தைக் கட்டினாள். ஆன்ட்டி மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவருக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது.

தூக்கத்தை உடனே திருத்தாதீர்கள். அங்கே எட்டு மணிக்குத் தூங்கியவள் இங்கே பத்தரைக்குத்தான் தூங்குவாள். நாளுக்குக் கால் மணி நேரமாக நகர்த்தினால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். ராகி மாவு முஸ்தபாவிலும் தேக்காவிலும் கிடைக்கும். பால்தான் சிக்கல். நந்தினி பாக்கெட் பாலைக் காய்ச்சிக் குடித்தவளுக்கு இங்குள்ள பாலின் மணம் பிடிக்கவில்லை, ஒரு வாரம் துப்பினாள். காய்ச்சி, ஒரு துளி ஏலக்காய் சேர்த்தபோது குடித்தாள். பெங்களூரின் குளிர்காற்றில் இருந்தவளுக்கு இந்தப் புழுக்கத்தில் வேர்க்குரு போட்டது. கம்பளிச் சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிவைத்தோம்.

அவள் துக்கப்படுவாள். சிலர் அழுவார்கள், சிலர் சாப்பிட மாட்டார்கள், சிலர் அளவுக்கு மீறி அமைதியாக இருப்பார்கள். எங்கள் மகள் மாலை ஏழு மணிக்கு வாசல் இரும்புக்கதவைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தைப் பார்ப்பாள். திசை திருப்பாதீர்கள், பொம்மையைக் காட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். நான் அந்த நீலப் புடவையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். அவள் தலைப்பைத் தேடி எடுத்து விரலில் சுற்றுவாள்.

அறிக்கை அனுப்பும் முறை இப்போது தலைகீழாகும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்ற அறிக்கையும் படமும் இங்கிருந்து இந்தியாவுக்குப் போக வேண்டும். இதைச் சடங்காக நினைக்காதீர்கள், ஒரு பிரதி அக்காவுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் அறிக்கையில் எடையோடு தராசின் படத்தையும் வைத்து அனுப்பினேன். அமைப்பின் அலுவலகத்திலிருந்து அவரை ஒருமுறை காணொளியில் பேசவைத்தார்கள். மடியில் இன்னொரு கைக்குழந்தை, மூன்று மாதம் இருக்கும். எங்கள் மகள் திரையைப் பார்த்துவிட்டுப் பூனையைத் தேடப் போய்விட்டாள். அவர் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

“மேலண்ணம் தெச்சாச்சா தங்கச்சி? இப்பவும் மூக்குல வருதா?”

“அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க அக்கா. சாம்பார் சாதம் வரல, ரசம்தான் வருது.”

“ரசத்தைக் கொஞ்சம் கெட்டியா பிசைஞ்சு குடு” என்றார்.